தண்ணீர் எங்கிருந்து வந்தது

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் தார்ச் சாலை முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, நான்கு டயர்களிலும் காற்றை இறக்குவோம். 40 பி.எஸ்.ஐ. இருந்ததை 20க்குக் கொண்டுவர வேண்டும். கரடுமுரடான பாதைக்குப் போகும்போது காற்று கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். விறைத்து நிற்கும் டயரைக் கூரான கல் கிழித்துவிடும். தளர்ந்த டயர் கல்லின் மேல் படிந்து, அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். திரும்பத் தார்ச் சாலையைத் தொட்டதும், கூடவே எடுத்துப்போகும் சின்ன கம்ப்ரஸரால் காற்றை நிரப்பிக்கொள்வோம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னோடு வேலை பார்த்த மெக்சிகோக்காரர். பழைய டொயோட்டா டகோமா பிக்கப் ஒன்றை வாங்கச் சொன்னதும், அதன் பின்தளத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அடுக்கிக் கொடுத்ததும் அவர்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். அதற்கு மேல், வழியில் யாராவது வண்டி பழுதாகி நின்றால் கொடுப்பதற்கு ஒரு கேன். இரண்டு ஸ்டெப்னி. பஞ்சர் ஒட்டும் சாமான். மண்வெட்டி. செல்போன் எடுக்காத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி.

அவரோடு போன முதல் பெரிய பயணம் ரேஸ்ட்ராக் என்ற காய்ந்த ஏரிப்படுகைக்கு. யூபிஹீபி எரிமலைவாயிலிருந்து 43 கிலோமீட்டர், தகர ஷீட்டைப் போல வரிவரியாக மேடு தட்டிய பாதை. தானாக நகர்ந்து தடம் விட்டுச் செல்லும் பாறைகளைப் பார்க்கத்தான் அங்கே எல்லோரும் போகிறார்கள். குளிர்காலத்தில் படுகையில் தேங்கும் தண்ணீர் இரவில் மெல்லிய பனித்தகடாக உறைகிறது. வெயில் ஏறி அது உடையும்போது காற்று தகடுகளைத் தள்ள, தகடுகள் பாறைகளைத் தள்ளுகின்றன. ஆராய்ச்சியாளர்கள் நேரில் கண்டு இதை 2014இல்தான் வெளியிட்டார்கள். நாங்கள் பாறைகளைத் தாண்டித் தெற்குக் கோடிக்குப் போனோம். அங்கே லிப்பின்காட் என்ற பழைய ஈயச் சுரங்கம். அதன் அருகிலிருந்து சலைன் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதை பெரும்பாலான இடங்களில் ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமில்லை. ஃபோர் வீலில் லோ ரேஞ்ச் போட்டு, பிரேக்கை நம்பாமல் எஞ்சினின் பிடியிலேயே இறங்க வேண்டும். எதிரே யாராவது ஏறி வந்தால், இறங்குகிறவர்தான் பின்னால் எடுத்து வழிவிட வேண்டும்.

பாதி இறக்கத்தில் ஒரு வளைவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டபோதுதான், இந்தப் பாதையை யார் வெட்டியிருப்பார்கள் என்று யோசித்தேன். பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்காக அங்கே யாரும் வழி போடவில்லை. நாங்கள் டகோமாவில் போகிற மண் பாதைகளில் அநேகமாக எல்லாமே ஒரு சுரங்கத்தில் போய் முடிகின்றன. உலோகம் கீழே இறங்கவும், தண்ணீரும் மரமும் மாவும் மேலே ஏறவும் வெட்டப்பட்டவை.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீடு ஒன்றில். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பா சுரங்கத்துக்குள் டிம்பர்மேன். பாறையை வெட்டி எடுத்த இடம் இடிந்து விழாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி தங்கவயலில் இறங்கியபோது, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்களைக் கூட்டிவந்தது. தங்கள் ஊரில் செம்பும் வெள்ளீயமும் விலை சரிந்து வேலை போனதால் உலகமெங்கும் கிளம்பிப்போன மக்கள் அவர்கள். அதே கார்ன்வால்காரர்கள் கலிபோர்னியாவுக்கும் வந்திருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, டெத் வேலியில் தாதுப் பாறையை உலக்கைகளால் இடிக்கும் ஒரு ஸ்டாம்ப் மில்லின் முன்னால் முதன்முதலாக நின்றபோது எனக்கு அது வேற்று நாட்டுச் சாமானாகத் தெரியவில்லை.

அம்மா போன பிறகு அப்பா கலிபோர்னியாவுக்கு, எங்களோடு சில மாதங்கள் இருக்க வந்தார். கடற்கரை, ஹாலிவுட், கோயில் எல்லாம் காட்டினோம். மரியாதைக்குப் பார்த்தார். ஒரு நாள், "சுரங்கம் பாக்கப் போலாமா, நைனா?" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் எழுந்துபோய் முழுக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. முட்டி வலி உண்டு. பிக்கப்பில் ஏறுவதற்கு ஒரு முக்காலி வாங்கி வைத்தேன்.

மொஹாவி, ட்ரோனா வழியாகப் பனாமிண்ட் பள்ளத்தாக்கில் நுழைந்து, முதலில் வைல்ட்ரோஸ் மலைக்கு ஏறினோம். அங்கே கரி சுடுவதற்காக 1877இல் கட்டிய பத்துக் கல் சூளைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர் உயரம். மலையில் வளரும் பைன் மரங்களை வெட்டி, இங்கே மூட்டம் போட்டுக் கரியாக்கி, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஆர்கஸ் மலைத்தொடரில் இருந்த வெள்ளி ஈய உலைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஓரிரு வருடம்தான். பிறகு சூளைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்றும் உடையாமல் இருக்கின்றன. அப்பா ஒரு சூளைக்குள் தலையைக் குனிந்து நுழைந்து சுவரைத் தடவிப் பார்த்தார். கையில் கரி ஒட்டியது. "மரத்த வெட்னவன் யாரு, தூக்கினு போனவன் யாரு?" என்று கேட்டார். அறிவிப்புப் பலகையைப் படித்துப் பார்த்தேன். சூளைகளைக் கட்டச் சொன்ன கம்பெனியின் பெயர் இருந்தது. அதில் பங்கு வைத்திருந்த ஜார்ஜ் ஹர்ஸ்ட் பிற்பாடு அமெரிக்க செனட்டர் ஆனார். வெட்டினவர், தூக்கினவர் பெயர் பலகையில் இல்லை.

அங்கிருந்து ஸ்கிடூ. 1906இல் தங்கம் கண்டுபிடித்து எழுந்த ஊர். இன்று ஊர் இருந்த இடத்தில் துருப்பிடித்த டப்பாக்களும் குழிகளும்தான். ஆனால் பதினைந்து உலக்கைகள் கொண்ட ஸ்டாம்ப் மில்லின் மரக் கூடு மட்டும் மலைச்சரிவில் இன்னும் நிற்கிறது. மலையேறி வருகிற பாதையில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மில்லைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்று.

"தண்ணி எங்கருந்து வந்துச்சி?"

இந்தப் பாலைவனத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் பல முறை வந்தும் கேட்டதில்லை. நான் பார்த்ததெல்லாம் உலக்கைகளையும் சக்கரங்களையும். அவர் பார்த்தது தண்ணீரை. பாறையை இடிக்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடித்த குழம்பைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் தண்ணீர்தான் நகர்த்திக்கொண்டு போகும். தங்கம் பாதரசத்தில் ஒட்டும், மிச்சம் வழிந்து போகும். தண்ணீர் இல்லாவிட்டால் மில் வெறும் கூடு. ஸ்கிடூவுக்கு டெலஸ்கோப் சிகரத்தின் பக்கமிருந்து 37 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் போட்டார்கள். அந்தக் குழாய் போன கோடு மலைகளில் இன்னும் தெரிகிறது. கைகாட்டினேன். அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்தார். "நம்ம பேத்தமங்கலம் மாதிரி" என்றார். பாலாற்றில் இருக்கும் பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து தங்கவயலுக்குக் குழாயில் கொண்டுவந்தார்கள். எங்கள் லைனில் குழாய்க்கு முன்னால் குடம் வரிசையில் நின்றது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

பக்கத்திலேயே ஹாரிஸ்பர்க். அங்கே யுரேகா சுரங்கம். 1905இல் ஷார்ட்டி ஹாரிஸ் என்ற பேர்போன தங்கம் தேடுபவரும், பீட் அகெரெபெரி என்ற பாஸ்க் இனத்துக்காரரும் சேர்ந்து போகும்போது தங்கத்தைக் கண்டார்கள். ஹாரிஸ் தன் பங்கை விட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அகெரெபெரி அங்கேயே தங்கி, 1945இல் சாகும்வரை அநேகமாகத் தனி ஆளாக அந்தக் குன்றைக் குடைந்துகொண்டிருந்தார். குளிர்காலத்தில் வௌவால்களின் உறக்கத்துக்காகச் சுரங்க வாயைக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிடுவார்கள். அப்பா கம்பிக்கு வெளியே நின்று டார்ச் அடித்து மரங்களைப் பார்த்தார். கால் இரண்டு, மேலே குறுக்குக் கட்டை, இடைவெளியில் ஆப்பு. அவருடைய வாழ்நாள் முழுதும் செய்த வேலை அங்கே ஒளியில் தெரிந்தது.

"இங்க மரம் அழுவாது" என்றார். "ஈரம் இல்ல. ஆனா காயக் காயச் சுருங்கும். சுருங்கினா ஆப்பு லூசாயிடும். பாக்க நல்லா கீற மாதிரி இருக்கும், தொட்டா விழும்."

அன்று பேசத் தொடங்கினவர் பிறகு நிறுத்தவில்லை. பச்சை மரம் பாரம் தாங்காதபோது முனகும், அதைக் கேட்டு வெளியே ஓடிவந்தவர்கள் உண்டு என்றார். சாம்பியன் ரீஃப் ஆழத்தில் அந்த முன்னறிவிப்பும் கிடையாது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, மேலே இருக்கும் மலையின் பாரமெல்லாம் சேர்ந்து பாறையே வெடிக்கும். ராக் பர்ஸ்ட். அதற்கு மரம் போதாமல்தான் கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி முட்டுக் கொடுத்தார்கள். தன்னோடு சுரங்க லிஃப்டான கேஜில் இறங்கி, தன்னோடு ஏறாமல் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சிலரை எனக்குத் தெரியும், எதிர் லைன் மாமாக்கள். அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று எங்களுக்கு வீட்டில் யாரும் சொன்னதில்லை.

அகெரெபெரி நாற்பது வருடம் தனியாக உள்ளே போய்வந்தார் என்றதும் அப்பாவின் முகம் மாறியது. அது வீரம் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சுரங்கத்துக்குள் தனியாகப் போகிறவன் தன்னை நேசிக்காதவன் என்றார். எனக்கோ அந்த மனிதர்மேல் ஒரு பிரியம் உண்டு. மலை விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற ஓர் இடத்தை விருந்தினர்களுக்குக் காட்ட வேண்டும் என்றே அவர் தன் கையால் ஒரு பாதை வெட்டினார். அந்த இடத்துக்கு இன்று அவர் பெயர். அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் நிறுத்தினேன். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே வெள்ளையாக உப்புத் தரை. அதில் பேட்வாட்டர் என்ற இடம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் தாழ்வு. "எங்க ஷாஃப்ட் இதுக்கும் கீழ" என்றார். உண்மைதான்.

மறுநாள் கீழே இறங்கி ஃபர்னஸ் கிரீக் போனோம். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவான இடம். அதைச் சொன்னபோது அவர் அசரவில்லை. சாம்பியன் ரீஃபின் அடித்தளத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். குளிர்க்காற்று உண்டாக்கி உள்ளே அனுப்பித்தான் ஆட்களை நிற்கவைத்தார்கள்.

ஹார்மனி போராக்ஸ் ஆலையின் இடிபாடுகளை நான் அதற்கு முன் பலருக்குக் காட்டியிருக்கிறேன். 1883 முதல் 1888 வரை நடந்தது. இருபது விலங்குகள், பெரும்பாலும் கோவேறு கழுதைகள், பூட்டிய வண்டித் தொடர் அங்கிருந்து மொஹாவி ரயில் நிலையத்துக்கு 265 கிலோமீட்டரைப் பத்து நாளில் கடந்தது. இரண்டு பெரிய வண்டிகள், பின்னால் 4,500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. வண்டிச் சக்கரம் ஆளைவிட உயரம். இந்தக் கோவேறு கழுதைகளின் படம் சலவைப் பொடி டப்பாவில் ஏறி, அமெரிக்கா முழுவதற்கும் தெரிந்ததாயிற்று. வெயிலில் உப்புத் தரைக்குப் போய்ப் போராக்ஸ் கட்டிகளைச் சுரண்டி அள்ளி வந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். தினக்கூலி 1.30 டாலர். அதிலும் தங்கவும் சாப்பிடவும் பிடித்துக்கொண்டார்கள். "அவங்க எங்க தங்கினாங்க?" என்று அப்பா கேட்டார். கூடாரம் மாதிரி எதையோ போட்டுத் தங்கிய இடம் பக்கத்தில் இருந்தது என்று மட்டும் சொல்ல முடிந்தது. முதலாளி வில்லியம் கோல்மனின் பெயர் பலகையில் உண்டு, வண்டிகள் பத்திரமாக நிறுத்தப்பட்டிருக்கின்றன, அள்ளியவர் ஒருவரின் பெயரும் இல்லை. இது எனக்கு ஆறவே இல்லை. காலங்காலமாக அங்கே வாழ்ந்துவரும் டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கும் தங்கள் நிலத்தில் ஒரு சிறு பகுதி சட்டப்படி திரும்பக் கிடைக்க 2000ஆம் வருடம் ஆயிற்று. இந்தப் பாலைவனத்தின் கதையைத் தங்கம் கண்டவர்களின் கதையாகவே சொல்லிக்கொண்டிருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

நெவாடா எல்லைக்கு அப்பால் ரயோலைட். எந்தக் காரும் போகும் பாதை, எல்லோரும் படம் பிடிக்கும் ஊர். 1904இல் தங்கம் தெரிந்தது. சில வருடங்களில் ஆயிரக்கணக்கான மக்கள், மூன்று மாடி வங்கி, ரயில் நிலையம், மின்விளக்கு. 1907இன் பண நெருக்கடிக்குப் பிறகு சரிந்து, 1911இல் பெரிய சுரங்கம் மூடி, 1916இல் மின்சாரமும் நின்றது. "ஆளுங்க?" என்றார் அப்பா. அடுத்த சுரங்க ஊருக்குப் போய்விட்டார்கள் என்றேன். போகும்போது பல கட்டடங்களையே பெயர்த்துப் பக்கத்து ஊரான பீட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் வங்கியின் இடிந்த சுவரைப் பார்த்தபடி நின்றார். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயலில் சுரங்கத்தை மூடினார்கள். எங்கள் ஆட்கள் எங்கேயும் போகவில்லை. போக இடமில்லை. வீடு கம்பெனியுடையது, சுரங்க வேலை தவிர வேறு வேலை தெரியாது, மூன்று தலைமுறையின் கல்லறைகளும் அங்கே. இருட்டு விலகுமுன் பெங்களூர் ரயிலில் தொற்றிக்கொண்டு போய், இரவில் திரும்புகிற ஊராக அது மாறியது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண் மலைகள் காற்றில் பறந்து வீட்டுக்குள் விழும். பத்திரிகைகள் சில நேரம் எங்கள் ஊரை யாருமற்றுப்போன ஊர் என்று எழுதுகின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அங்கே என் அத்தை இருக்கிறார், பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன, மார்க்கெட்டில் கூட்டம் இருக்கிறது.

கடைசியாக வார்ம் ஸ்பிரிங் மலையிடுக்கு வழியே பியூட் பள்ளத்தாக்குக்குப் போனோம். வெஸ்ட் சைடு ரோடு என்கிற மண் சாலையிலிருந்து மேற்கே திரும்பினால், முதலில் ஒரு டால்க் சுரங்கத்தின் குடியிருப்பு. 1930களில் அதைத் தொடங்கி வளர்த்தவர் லூயிஸ் கிரான்தம் என்ற பெண்மணி. ஊற்றுத் தண்ணீரில் ஆட்களுக்கு நீச்சல் குளம்கூட இருந்தது. இந்த முறை அப்பா கேட்பதற்கு முன்னாலேயே தண்ணீர் வரும் குழாயைக் காட்டிவிட்டேன். அதற்கு மேல் பாதை கெட்டது. பாறைப் படிகளில் வண்டி ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் அவர் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "கேஜு இதவிட ஆடும்" என்று எனக்கு தைரியம் சொன்னார்.

அந்தப் பள்ளத்தாக்கில் பழைய சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கேபின்கள் சில இருக்கின்றன. பூட்டு கிடையாது. நாங்கள் போனபோது, முதலில் வருகிறவர் தங்கலாம் என்பது முறை. ஆள் இருந்தால் கொடி ஏற்றிவைப்பது வழக்கம். எலிப் புழுக்கையால் காய்ச்சல் வரும் என்பதால் துடைப்பம் போடாமல், பிளீச்சிங் தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டும். போகும்போது அடுத்தவருக்கு விறகும் டப்பா உணவும் வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் போன கேபினில் ஏற்கெனவே கொடி பறந்தது. நெவாடாவின் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர் உள்ளே இருந்தார். திரும்பிப் போகப் பார்த்தோம். அவரே வெளியே வந்து, இடம் இருக்கிறது என்று கூப்பிட்டார். அப்பா என்ன வேலை பார்த்தவர் என்று நான் சொன்னதும் நாற்காலியைத் தீயருகே இழுத்துப் போட்டார். நான் மொழிபெயர்த்தேன், ஆனால் பாதிக்கு மேல் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் கையால் பாறையை வரைந்தார்கள், கட்டையை நிறுத்தினார்கள், ஆப்பு அடித்தார்கள். ரசமும் சோறும் அவருக்குப் பிடித்திருந்தது.

காலையில் எழுந்தபோது அப்பா வராந்தாவில் நின்று கூரைக்கால் ஒன்றைக் கையால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சுத்தியல் இருக்கிறதா என்றார். பூங்காவின் சொத்து, நாம் கைவைக்கக் கூடாது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மேசைமேல் வருகிறவர்கள் எழுதிவைக்கும் நோட்டு ஒன்று கிடந்தது. நட்சத்திரங்களைப் பற்றியும் காட்டுக் கழுதைகளைப் பற்றியும் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, தமிழில் நிதானமாக எழுதினார். தன் பெயர், டிம்பர்மேன், சாம்பியன் ரீஃப். அதன்கீழ்: தெற்குப் பக்கத்து இரண்டாவது கால் அடியில் வெடித்திருக்கிறது, மேல் ஆப்பு தளர்ந்துவிட்டது, மழைக்கு முன்னால் மாற்றவும், அதுவரை அந்தப் பக்கம் யாரும் சாய்ந்து உட்கார வேண்டாம். நெவாடாக்காரர் எழுந்துபோய் அந்தக் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, எழுதியது சரி என்றார். நான் அதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் கீழே எழுதினேன்.